சித்தப்பா காரின் பட்டுக் கூரை

என் சித்தப்பா வாங்கிவந்த காரை எந்தக் கம்பெனி செய்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. பெயர்த் தகடு இருந்த இடத்தில் இரண்டு துளைகள்தான் இருந்தன. ஏரியிலிருந்து அப்போதுதான் கரையேறிய எருமை போலக் கறுப்பாக, முதுகு வளைந்து அது எங்கள் வாசலில் வந்து நின்றபோது நான் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். ஊரார் அதைப் ‘பிளசர்’ என்றார்கள். நைனா மட்டும் ‘அது’ என்றார். நைனா என்றால் என் அப்பா. எங்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற சாலையில் எங்கள் ஊர். வீட்டின் நடுவில் தறி. நைனா காஞ்சிபுரத்து முதலாளி ஒருவருக்குப் பட்டுச்சேலை நெய்துகொடுத்தார். தம்பியும் தறியில் உட்காருவான் என்று எதிர்பார்த்தார். சித்தப்பாவுக்கோ தறிக்குழியில் காலை விட்டதும் தூக்கம் வந்துவிடும். அவர் காஞ்சிபுரம் போய் ஒரு டாக்டரிடம் டிரைவராகச் சேர்ந்தார். டாக்டர் புது வண்டி வாங்கியபோது பழையதைக் கேட்டு யாரும் வராததால் அதைச் சித்தப்பாவின் தலையில் கட்டிவிட்டார். சித்தப்பா அதைத் தமக்குக் கிடைத்த விருது மாதிரி ஓட்டிக்கொண்டு வந்தார்.

எஞ்சினைக் குறை சொல்ல முடியாது. இருமினாலும் ஓடியது. கதவைத் திறந்து உள்ளே பார்த்தால்தான் சங்கடம். சீட்டுத் தோல் வெடித்துத் தேங்காய் நார் வெளியே வந்திருந்தது. நாருக்கு நடுவில் சுருள் கம்பிகள் முளைத்திருந்தன. கதவுகளின் உட்பக்கத்து அட்டைகள் ஊறி உப்பி, தொட்டால் பொடிந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, கூரையின் உட்பக்கத்தில் அடித்திருந்த கம்பளித் துணி ஆணிகளிலிருந்து கழன்று பை பையாகத் தொங்கியது. உட்காருகிறவர் தலையில் அது முக்காடு போட்டுவிடும். ஒவ்வொரு பைக்குள்ளும் செத்த பூச்சிகள். ஒரு பையில் எலி குட்டி போட்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. அத்தை, நைனாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே தங்கை. அதற்கு முந்தின வருஷம் வேறோர் இடத்தில் பேசி முடித்து, தாம்பூலம் மாற்றுகிற நேரத்தில், எங்கிருந்தோ ஒரு காற்று வந்து குத்துவிளக்கு அணைந்துபோயிற்று. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள். வைத்த தட்டு வைத்தபடி இருந்தது. ‘சகுனம் சரியில்லாத பெண்’ என்று யாரும் எங்கள் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. ஆனால் பெண் கேட்டு வருவது நின்றுபோயிற்று. அத்தை அதற்குப் பிறகு விளக்கு ஏற்ற மாட்டாள். யாராவது சொன்னால் என்னைக் கூப்பிட்டு ஏற்றச் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள்.

இப்போது வந்த மாப்பிள்ளைக்கு மாகறல். பஸ்ஸில் கண்டக்டர். பெண் பார்க்க வந்தபோது அவர் தலையைக் குனிந்துகொண்டு கேசரியைத் தின்றார், தலையைக் குனிந்துகொண்டே போய்விட்டார். கதவிடுக்கில் பார்த்த அத்தைக்கு அவருடைய வகிடு மட்டும் தெரிந்தது. “நல்லவரா கெட்டவரா, வகிட்ட பாத்து இன்னான்னு கண்டேன்?” என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவருக்குத் தாய் தகப்பன் இல்லை. வளர்த்தது பெரியம்மா. அந்தப் பெரியம்மா பல்லி கத்தினால்கூட எந்தத் திசை என்று விசாரித்துவிட்டுத்தான் அடுத்த வாய் சோறு தின்பார் என்று கேள்விப்பட்டிருந்தோம்.

அப்படிப்பட்ட அம்மாளிடம், நிச்சயதார்த்தச் சந்தோஷத்தில், சித்தப்பா வாயைக் கொடுத்துவிட்டார்.

“மாப்ள பஸ்ல வந்து எறங்குனா நல்லாவா கீது? நம்ம பிளசர்லயே நான் இட்டாறேன்.”

பெரியம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவர்கள் போன பிறகு நைனா, “அதுல குந்துனா எயுந்துக்கும்போது வேட்டி அங்கியே நின்னுடும்டா” என்றார். வாக்குக் கொடுத்தாகிவிட்டது. இனி அதை உட்காருகிற மாதிரி செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

வீட்டுக்குப் பக்கத்திலிருந்த புங்கமரத்தடியில் காரை நிறுத்தி, சித்தப்பா உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கி வெளியே போட்டார். சீட்டுகள் இல்லாத காருக்குள் நாங்கள் பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடினோம். அம்மா நாரை அடித்து வெயிலில் காயவைத்து, இலவம்பஞ்சு சேர்த்துத் திரும்பத் திணித்தாள். அறுந்த சுருள் கம்பிகளைச் சித்தப்பா சணல் கயிற்றால் ஒன்றோடொன்று இழுத்துக் கட்டினார். டீக்கடையில் கிடந்த தேயிலைப் பெட்டிகளின் பலகை, கதவுகளுக்கு அட்டையாயிற்று. அதன் மேல் பச்சை ரெக்சினை மடித்து ஒட்டினார்கள். மைதாப் பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டதில் அம்மாவின் விரல்கள் நீலமாயின. அந்த விரல்களோடுதான் அவள் கல்யாணத்துக்கு முறுக்கும் சுட்டாள்.

மிஞ்சியது கூரை. அத்தைக்குத்தான் தையல் நன்றாக வரும். ஆனால் நலங்கு ஆரம்பித்துவிட்டபடியால் மணப்பெண் வாசல் தாண்டக்கூடாது. ஆகவே கூரை அத்தையிடம் போயிற்று. சித்தப்பா பழைய கம்பளித் துணியைக் கிழியாமல் கழற்றி, உள்ளே கொண்டுபோய்த் தரையில் விரித்தார். மஞ்சள் பூசிய முகத்தோடு அத்தை அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். குறுக்கே ஓடும் கம்பிகள் நுழைய எங்கெங்கே மடிப்பு, ஓரத்தில் ஆணி அடிக்க எவ்வளவு விடவேண்டும் என்றெல்லாம் நூலால் அளந்தாள்.

“அளவு சரி. துணிக்கு எங்க போறது?” என்றாள்.

சித்தப்பா மரப்பெட்டியைப் பார்த்தார். அப்புறம் நைனாவைப் பார்த்தார். நைனா தறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெட்டியின் அடியில் நைனா நெய்த இரண்டு அரக்குச் சிவப்புப் பட்டுச்சேலைகள் இருந்தன. சாயம் போட்டவர் எங்கோ கோட்டை விட்டிருந்தார். முதலாளி ஒரு மூலையை நனைத்துப் பிழிந்து பார்த்துவிட்டு, “வாங்கறவங்க கைய கயுவ வெக்கும் போலகீதே” என்று திருப்பி அனுப்பிவிட்டார். சரிகைக் கரையை மட்டும் கத்தரித்து விற்றுவிட்டு, உடலை நைனா பெட்டிக்குள் போட்டு மூடினார். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசக்கூடாது. சித்தப்பாவும் பேசவில்லை. பெட்டியின் மேல் உட்கார்ந்து பீடி குடிப்பதை மட்டும் வழக்கமாக்கிக்கொண்டார். கடைசியில் ஒருநாள் நைனா தறியிலிருந்து எழுந்து, அவரை நகரச் சொல்லி, சேலைகளை எடுத்து அத்தை முன்னால் போட்டார்.

“எட்த்துக்க. தண்ணி படாத எடம்னு ஒண்ணு இருந்தா, அது கூரைக்கு அடியிலதான்” என்றார்.

அத்தை தைக்க ஆரம்பித்தாள். பட்டு வழுக்கும், பிடித்து வைத்தால் கோணிக்கொள்ளும். அவள் தையல் எறும்பு ஊர்ந்த மாதிரி சின்னச் சின்னதாக, ஒரே சீராக இருந்தது. தன்னை அழைத்துப்போக வருகிறவர் தலைக்கு மேலே இருக்கப்போகிறது என்று யாரோ கேலி செய்தபோது, பிரித்துவிட்டு மறுபடி தைத்தாள். அதைச் சித்தப்பா கம்பிகளில் கோத்து, மரச்சட்டத்தில் இழுத்து ஆணி அடித்து, ஓரத்துக்குப் பட்டை வைத்து மறைத்தார். ஓரிடத்தில் மட்டும் சுருக்கம் விழுந்தது. வேடிக்கை பார்த்த தச்சர் ஒருவர், கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் விறைத்துக்கொள்ளும் என்றார். நைனா உள்ளேயிருந்து “தண்ணியா!” என்று போட்ட சத்தத்தில் அவர் போயே போய்விட்டார்.

அந்தக் காரின் கூரை முழுக்கத் தகரம் அல்ல. நடுவில் ஒரு பாகம் வெறும் கித்தான் துணி, அதன் மேல் தார். அந்தக் காலத்து வண்டிகள் சிலவற்றில் அப்படித்தான் இருந்தது. அங்கே வெடிப்பு விட்டிருந்ததால், ரோடு போடுகிறவர்களிடம் கெஞ்சிக் கொஞ்சம் தார் வாங்கிவந்து சித்தப்பா பூசினார். பார்வைக்கு வெடிப்பு நன்றாகவே அடைபட்டிருந்தது.

கல்யாணத்துக்கு முன்தினம் மத்தியானம் நாங்கள் மாகறல் புறப்பட்டோம். சித்தப்பா ஓட்டினார். மாப்பிள்ளைக்குக் கொடுக்க வெற்றிலை பாக்குத் தட்டோடு பெண் வீட்டுப் பெண்குழந்தை ஒன்று போகவேண்டும் என்பதால் என்னைப் பின்சீட்டில் உட்கார வைத்தார்கள். வெயில் கண்ணாடி வழியே வந்து மேலே பட்டபோது கார் முழுக்கச் சிவப்பாயிற்று. என் பாவாடை, கை எல்லாம் சிவப்பு. அத்தை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பெரியம்மாவும் மற்றவர்களும் முன்னதாகவே பஸ் பிடித்து எங்கள் ஊர் எல்லைப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டிருந்தார்கள். மாகறலில் மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையும் பட்டு வேட்டியுமாக ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். தோழனாக வந்த அவருடைய அக்காள் மகன் என்னைவிடச் சின்னவன், ஏறியதுமே தூங்கிவிட்டான்.

“வண்டி எப்டி கீது மாப்ளே?” என்றார் சித்தப்பா திரும்பாமலே.

“ராஜா மாதிரி கீது மச்சான்” என்றார் அவர். குரல் இவ்வளவு கனமாக இருக்கும் என்று வகிட்டைப் பார்த்தவர்கள் சொல்லியிருக்க முடியாது.

உத்திரமேரூரைத் தாண்டியதும் இருட்டிக்கொண்டு வந்தது. ஆவணி மாதத்துச் சாயங்கால மழை சொல்லிக்கொண்டு வராது. ஏரிக்கரைச் சாலையில் திரும்பும்போது கொட்ட ஆரம்பித்தது. சித்தப்பா ஒரு கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மூக்கு கண்ணாடியில் இடிக்கிற மாதிரி குனிந்து ஓட்டினார். பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க அவருக்கு வழியில்லை.

முதல் சொட்டு மாப்பிள்ளையின் தோளில் விழுந்தது. வெள்ளைச் சட்டையில் குங்குமப் பொட்டு மாதிரி. அவர் அதைத் தொட்டு, விரலைப் பார்த்தார். அண்ணாந்து பார்த்தார். இரண்டாவது அவர் மார்பில் விழுந்தது.

“இன்னா பாப்பா இது?” என்று மெதுவாகக் கேட்டார்.

“சாயம்” என்றேன். “நிக்காத சாயம். முதலாளி வேணாம்னு சொல்லிட்டாரு. அதான் எங்க அத்தை வண்டிக்குத் தெச்சாங்க.”

“உங்க அத்தையா? கல்யாணப் பொண்ணா?”

“ஆமா. வெளிய வரக்கூடாதுன்னு உள்ளயே குந்திகினு தெச்சாங்க. பிரிச்சிட்டு ரெண்டு தபா தெச்சாங்க.”

அவர் மறுபடி அண்ணாந்து பார்த்தார். ஒழுகுகிற இடத்தைப் பார்க்கவில்லை. தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொட்டு நெற்றியில் விழுந்தபோதுதான் முகத்தைத் தாழ்த்தினார். பஸ்ஸில் இதைவிட ஒழுகும் என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, தூங்குகிற பையனைக் காய்ந்த பக்கமாக நகர்த்திவைத்து, தாம் ஒழுகுகிற இடத்திலேயே உட்கார்ந்துகொண்டார். கைக்குட்டையால் துடைத்ததில் பொட்டுகள் இழுபட்டுக் கோடுகளாயின. சட்டை மேலும் பயங்கரமாயிற்று.

மழை நின்று, கோயிலருகே பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் தெரிந்தது. மேளம் கேட்டது. மாப்பிள்ளை தம் சட்டையைக் குனிந்து பார்த்தார். அப்புறம் என் மடியிலிருந்த தட்டிலிருந்து வெற்றிலைகளை அள்ளி, சுண்ணாம்பை நிறைய அப்பி, பாக்கோடு வாய்க்குள் திணித்தார். வேகவேகமாக மென்றார். சுண்ணாம்பு சுட்டுக் கண்ணில் தண்ணீர் வந்தது, இருமினார். பாவம், பசி போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் இரண்டு வெற்றிலை எடுத்துக் கொடுத்தேன். அதையும் வாங்கி மென்றார்.

கார் நின்றது. பெரியம்மா ஆரத்தித் தட்டோடு முன்னால் வந்தார். கதவு திறந்தது.

“ஐயோ! இன்னாடா இது ரத்தம்!”

மேளம் நின்றது. நாயனக்காரர் வாயிலிருந்து சீவாளியை எடுக்காமலே நின்றார். பெரியம்மா ஆரத்தித் தட்டைத் தாழ்த்தினார். கூட்டத்தில் ஒரு கிழவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்; அதைப் பார்த்து நைனாவின் முகம் சாம்பலாயிற்று. சித்தப்பா திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தார், அப்புறம் கூரையைப் பார்த்தார். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி எங்கள் வீட்டை நோக்கி ஓடினாள்.

மாப்பிள்ளை நிதானமாக இறங்கினார். பையனையும் என்னையும் இறக்கிவிட்டு, கதவைச் சாத்தி, அதன் மேலேயே சாய்ந்து நின்றுகொண்டார்.

“ரத்தம் இல்ல பெரிம்மா. வெத்தல போட்டேன். பள்ளத்துல வண்டி தூக்கிப் போட்டுச்சு. மேலயே துப்பிக்கினேன்.”

“உனுக்கு ஏதுடா வெத்தலப் பயக்கம்?”

“இன்னிக்குத்தான். தட்டுல இருந்துச்சு, ஆசையா இருந்துச்சு” என்று சொல்லி வாயைத் திறந்து காட்டினார். நாக்கும் பல்லும் செக்கச்செவேலென்று இருந்தன.

யாரோ சிரித்தார்கள். நாயனக்காரருக்குச் சிரிப்பில் சீவாளி தெறித்து விழுந்தது. அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். பெரியம்மாவுக்கு வந்த கோபம் மட்டும் ஆறவில்லை. “கொயந்தைங்க கூட மேல துப்பிக்காதுடா! பொண்ணு வூட்டுக்காரங்க எதிர்ல என் மானம் போச்சு” என்று திட்டிக்கொண்டே, எங்களிடம்தான் மன்னிப்புக் கேட்டார். நைனா தம் அங்கவஸ்திரத்தை எடுத்து மாப்பிள்ளையின் மார்பை மூடிப் போர்த்தினார். போர்த்திய கையை உடனே எடுக்கவில்லை. ஆரத்தி சுற்றினார்கள். மேளம் மறுபடி ஆரம்பித்தது.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. பிள்ளையாருக்கு எதிரே நின்றுகொண்டு, இவ்வளவு பெரிய மனிதர், இத்தனை பேர் கேட்க, வாய் கூசாமல் பொய் சொல்கிறார். எங்கள் வீட்டில் பொய் சொன்னால் சோறு கிடையாது. இதை அத்தையிடம் சொல்லியே ஆகவேண்டும். ஊர்வலத்துக்கு முன்னால், சேற்றில் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

அதற்குள் செய்தி எங்கள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தது. மாப்பிள்ளை மேலெல்லாம் ரத்தமாம். அம்மா சுவரில் சாய்ந்து நின்றாள். அத்தை அறைக்குள் பாயில் உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை. தலையில் வைத்திருந்த பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளையலாகக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“ரத்தம் இல்ல!” என்று கத்தினேன். “சாயம்தான். மழையில ஒயுகிச்சு. மேளம் வருது, கேக்கல?”

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அத்தை என்னைப் பிடித்து இழுத்தாள். “அவுங்க பெரிம்மா இன்னா சொன்னாங்க? என்னாலதான்னு சொன்னாங்களா?”

“அவுங்களுக்குத் தெரியாது. அத்தை, அவரு பொய் சொல்றாரு. வெத்தல எச்சின்னு சொல்லிட்டாரு. நான் பாத்துகினே இருந்தேன், ஊர் வரப்போதான் வெத்தலயே போட்டாரு.”

“சாயம்னு அவருக்குத் தெரியுமா?”

“நான்தான் சொன்னேனே! நீதான் தெச்சேன்னும் சொன்னேன். எல்லாம் தெரிஞ்சிகினேதான் பொய் சொன்னாரு.”

என் தோளைப் பிடித்திருந்த அத்தையின் கை தளர்ந்தது.

“இன்னொரு தபா சொல்லு. இன்னா சொன்னாரு?”

சொன்னேன். மேலேயே துப்பிக்கொண்டதாகச் சொன்னது, நாக்கை நீட்டிக் காட்டியது, பெரியம்மா திட்டியது, கார்க் கதவில் சாய்ந்துகொண்டு யாரையும் உள்ளே பார்க்கவிடாதது, எல்லாவற்றையும் சொன்னேன். ஒவ்வொன்றும் அவருடைய கெட்ட குணத்துக்குச் சாட்சி என்று நினைத்துத்தான் சொன்னேன். அத்தை கேட்கக் கேட்க அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அழப்போகிறாள் என்று பார்த்தால், சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்; மை கன்னமெல்லாம் பூசிக்கொண்டது. பிறகு வளையல்களை வாரி மறுபடி போட்டுக்கொண்டு, மடியிலிருந்த பூவை அம்மாவிடம் நீட்டினாள்.

“வெச்சி வுடு அண்ணி. இன்னும் கொஞ்சம் இருந்தா அதையும் சேத்து வெய்யி.”

நான் சொன்னது அவளுக்குச் சரியாக விளங்கவில்லை என்று தெரிந்தது. கிட்டப் போய், “அத்தை, பொய் சொல்றவரையா நீ கட்டிக்கப் போற?” என்று தெளிவாகக் கேட்டேன்.

“ஆமாண்டி” என்று என் கன்னத்தைப் பிடித்து ஒரு முத்தம் கொடுத்தாள்.

வெளியே மேளம் வாசலுக்கே வந்துவிட்டது. இனி என்னால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. நல்ல சமயத்தில் வந்து எச்சரித்தும் கேட்காதவளை நினைத்து எனக்கு வருத்தமாக இருந்தது. எத்தனை சொன்னாலும் பெரியவர்களுக்குச் சில விஷயங்கள் புரிவதில்லை என்று எண்ணிக்கொண்டு, பாயசம் காய்ச்சுகிற பக்கம் போனேன்.